கையில் ஏழு எழுத்து, தேடித் தரக் கம்ப்யூட்டர்

ஸ்கிராபிள் ஆடுபவர்களுக்கு ஒரு சங்கடம் தெரிந்திருக்கும். கையில் கியூ எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும்; அதற்குத் துணையான யூ எழுத்து வராது. பத்து பாயின்ட் மதிப்புள்ள எழுத்தைக் கையில் வைத்துக் கொண்டு விழிக்க வேண்டியதுதான். வேர்டில் ஆடுபவர்களுக்கு வேறு விதமான தொல்லை. 2021ல் பொதுமக்களுக்கு வந்த இந்த ஆட்டத்தில் ஐந்து எழுத்து வார்த்தையை ஆறு முயற்சியில் கண்டுபிடிக்க வேண்டும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் தெரிந்த பிறகும் நடுவில் உள்ளவை பிடிபடாது.

இது போன்ற வார்த்தைகளைத் தேடித் தர உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். தனியாக சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம்.

எழுத்துக்கு விலை வைத்தவர்

ஸ்கிராபிளை உருவாக்கியவர் ஆல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தவர். செய்தித்தாளின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். அடிக்கடி வரும் இ எழுத்துக்கு 12 கட்டைகள், ஒரு பாயின்ட். அரிதாக வரும் கியூ, இசட் எழுத்துகளுக்கு ஒவ்வொரு கட்டைதான். தலா 10 பாயின்ட். மொத்தம் 100 கட்டைகள். ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 பாயின்ட் கூடுதல். அவர் கையால் எண்ணியது போன்ற வேலையைத்தான் இன்று நாம் நொடியில் கம்ப்யூட்டரிடம் வாங்கப் போகிறோம்.

எக்செல் வழி

முதலில் ஒரு வார்த்தைப் பட்டியல் தேவை. எனேபிள் என்ற பட்டியல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கில வார்த்தைகள், வரிக்கு ஒன்றாக, ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில் இருக்கும். சுமார் 2 எம்.பி. தான். பட்டியல் என்று சொல்லி இ.எக்ஸ்.இ. பைலைத் தரும் தளங்களை விட்டு உடனே வெளியேறி விடுங்கள். வார்த்தைப் பட்டியலுக்கு இன்ஸ்டால் செய்யும் வேலையே கிடையாது.

1. பைலை நோட்பேடில் திறந்து கண்ட்ரோல் + ஏ, பின் கண்ட்ரோல் + சி அழுத்துங்கள்.

2. எக்செல்லில் புதிய ஒர்க்புக் திறந்து, ஏ1 செல்லில் "வார்த்தை" என்று தலைப்பு டைப் செய்யுங்கள். ஏ2 செல்லுக்கு வந்து கண்ட்ரோல் + வி அழுத்துங்கள். எக்செல் 2003ல் 65,536 வரிசைகள்தான் உண்டு. பட்டியல் முழுவதும் நுழையாது. 2007 முதல் வந்த பதிப்புகளில் 10,48,576 வரிசைகள் இருப்பதால் கவலை இல்லை.

3. ஏ1 செல்லில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஷிப்ட் + எல் அழுத்தினால் தலைப்பின் ஓரத்தில் சிறிய அம்புக்குறி வரும். அதில் கிளிக் செய்து, டெக்ஸ்ட் பில்டர்ஸ், கஸ்டம் பில்டர் எனச் செல்லுங்கள்.

4. மேல் வரியில் "கன்டெய்ன்ஸ்" தேர்வு செய்து கியூ எழுத்தைத் தாருங்கள். கீழ் வரியில் "டஸ் நாட் கன்டெய்ன்" தேர்வு செய்து யூ எழுத்தைத் தாருங்கள். நடுவில் "அன்ட்" இருக்கட்டும். ஓகே கிளிக் செய்யுங்கள்.

யூ இல்லாத கியூ வார்த்தைகள் மட்டும் வரிசையாக நிற்கும். நம் கீபோர்டு அமைப்பின் பெயரான குவெர்ட்டி அதில் ஒன்று. நாம் பக்கிரி என்று சொல்கிறோமே, அந்த ஃபகீர் இன்னொன்று.

ஐந்து எழுத்து வார்த்தைகள் மட்டும் வேண்டுமா? "ஈக்வல்ஸ்" தேர்வு செய்து ????? என ஐந்து கேள்விக்குறி தாருங்கள். ஒரு கேள்விக்குறி என்பது ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரக்குறி என்பது எத்தனை எழுத்தாகவும் இருக்கலாம். இரண்டுக்கு மேல் நிபந்தனை இருந்தால், கிடைத்த விடைகளைக் காப்பி செய்து வேறு ஷீட்டில் ஒட்டி மீண்டும் வடிகட்டுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமில் ஸ்டாண்டர்ட் பில்டர் மூலம் இதையே செய்யலாம்.

இணைய வழி

இணைப்பு இருந்தால் ஒன்லுக் என்ற தளத்துக்குச் செல்லுங்கள். அங்கும் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி அதே பொருளில் வேலை செய்யும். இறுதியில் மைனஸ் குறி இட்டுச் சில எழுத்துகளைத் தந்தால் அவற்றை ஒதுக்கிவிடும். பிளஸ் குறி இட்டால் அந்த எழுத்துகளால் மட்டுமே ஆன வார்த்தைகளைத் தரும்.

சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே, கணவாய்ச் சாலையில் லாரிகள் இரவெல்லாம் முனகியபடி இறங்கும் எங்கள் தொப்பூரின் பெயரையே சோதனைக்கு எடுத்துக் கொண்டேன். ஆங்கிலத்தில் டி, எச், ஓ, பி, பி, யூ, ஆர் என ஏழு எழுத்துகள். சரியாக ஒரு கைக் கட்டைகள். ஐந்து கேள்விக்குறி, பிளஸ், பின் இந்த எழுத்துகள் எனத் தந்தேன். தளம் ஓர் எழுத்தை இரண்டு முறை பயன்படுத்திய வார்த்தைகளையும் காட்டும். கையில் உள்ள கட்டைகளோடு ஒப்பிட்டு நாம்தான் கழிக்க வேண்டும். கழித்த பின் கிடைத்தவற்றில் ஒன்று "தார்ப்". பத்து பாயின்ட். பொருள் பார்த்தால், சிற்றூர்! எங்கள் சிற்றூரின் பெயருக்குள்ளேயே சிற்றூர் என்ற பழைய ஆங்கில வார்த்தை ஒளிந்திருக்கிறது.

ஆட்டம் கெடாதா?

கம்ப்யூட்டரைப் பார்த்து ஆடினால் அது ஆட்டமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஆட வரும் பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படிப்பவர்கள். அவர்களுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆட்டம் நடக்கும்போது கம்ப்யூட்டர் ஆப். முடிந்த பிறகு, தவறவிட்ட வார்த்தைகளைத் தேடி, பொருளோடு நோட்டில் எழுத வேண்டும்.

பொருளை ஏன் வலியுறுத்துகிறேன் தெரியுமா? 2007ல் மும்பையில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் வென்ற நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், 2015ல் பிரெஞ்சு மொழிப் போட்டியையும் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. வார்த்தைகளை மனப்பாடம் செய்தே வென்றார். கோப்பைக்கு அது போதும். நாளை கல்லூரியிலும் நேர்முகத் தேர்விலும் உட்காரப் போகும் நம் பிள்ளைகளுக்குப் போதாது.

இங்கிலீஷ் என்றாலே ஒதுங்கி உட்காரும் ஒரு சிறுமி, சர்வதேசப் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் இட்லியும் தோசையும் இருப்பதைப் பார்த்து, "நம்ம வார்த்தையும் இருக்கா மாமா?" என்றாள். அன்றிலிருந்து அவள்தான் முதலில் வந்து பலகையை விரிக்கிறாள்.

ஒரு குறிப்பு. எல்லாப் பட்டியலும் ஒன்றல்ல. கியூ, ஐ என்ற இரண்டெழுத்து வார்த்தை வட அமெரிக்கப் பட்டியலில் 2006ல்தான் சேர்ந்தது; பழைய பட்டியல்களில் இருக்காது. எந்தப் பட்டியல் செல்லும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக் கொள்ளுங்கள். வீண் சண்டை வராது.

இன்றே உங்கள் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அதற்குள் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.