ஆட்டத்தின் விதியை எழுதுவது யார்?

மாலை வேளையில் தெருச் சிறுவர்கள் பந்து விளையாடத் தொடங்குமுன் நடப்பதை என்றாவது நின்று கவனித்திருக்கிறீர்களா? "மதிலைத் தாண்டிப் போனால் அவுட்." "சாக்கடையில் விழுந்தால் அடித்தவன்தான் எடுத்து வரவேண்டும்." "இவன் சின்னப் பையன், இவனுக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது." ஐந்தே நிமிடங்களில் ஒரு சட்டத் தொகுப்பு உருவாகி விடுகிறது. எவரும் அதை எழுதி வைப்பதில்லை. ஆயினும் எல்லாருக்கும் தெரியும். ஒருவன் மீறினால் ஆட்டம் நிற்கிறது, வாக்குவாதம் எழுகிறது, முடிவு கண்டபின் ஆட்டம் தொடர்கிறது. இவை அனைத்தும் பெரியவர் எவருடைய துணையுமின்றி நடைபெறுகின்றன.

அதே சிறுவன் மறுநாள் காலையில் சமூக அறிவியல் வகுப்பில் எழுந்து நிற்கிறான். "அடிப்படை உரிமைகள் 6, அடிப்படைக் கடமைகள் 11" என்று ஒப்புவிக்கிறான். அக்கடமைகளுள் பத்து 1976-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்தவை, பதினோராவது 2002-இல் சேர்க்கப்பட்டது என்றுகூடப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுகிறான். ஆனால், "இந்த விதி ஏன் பிறந்தது? இது இல்லாவிட்டால் யாருக்குத் தீங்கு? இதை மாற்ற வேண்டுமென்றால் யார் மாற்றுவது?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பான். தெருவில் சட்டம் இயற்றியவன் வகுப்பறையில் வெறும் ஒப்புவிப்பவன் ஆகிவிடுகிறான்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குப் பல நாடுகளின் ஆசிரியர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. குடிமையியலைப் போதிக்க மாணவர்களைக் கொண்டே விளையாட்டு ஒன்றை உருவாக்கச் செய்வது அது. பிறர் செய்த விளையாட்டை ஆடச் செய்வது வேறு. தாமே ஒன்றை அமைக்கச் செய்வது வேறு. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத்தான் நாம் இங்கே சிந்திக்கப் போகிறோம்.

பலகைக்குள் மறைந்திருக்கும் பாடம்

விளையாட்டின் வழியே அறம் புகட்டுவது நமக்குப் புதிதன்று. பரமபதப் பலகையை அறியாதார் யார்? ஏணி நற்குணத்தையும் பாம்பு தீக்குணத்தையும் குறிக்க, மனிதன் ஏறுவதும் இறங்குவதும் அதில் பாடமாயின. நம் நாட்டில் பிறந்த அந்த ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. எனினும் அதில் ஒன்றை நோக்குங்கள். ஆடுபவர் எதையும் தீர்மானிப்பதில்லை. தாயக்கட்டை சொல்வதே முடிவு. தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: ஒன்று தலைவிதி, மற்றொன்று மனிதர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. பரமபதத்தில் நாம் காண்பது முதலாவது. குடிமகன் அறியவேண்டியதோ இரண்டாவது. முன்னதைச் சுமக்கத்தான் முடியும். பின்னதை ஆராயலாம், திருத்தலாம்.

1904-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மகி 'நிலக்கிழார் ஆட்டம்' என்னும் பலகை விளையாட்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர் வாடகை கட்டியே வறியவராவர் என்பதை மக்களுக்கு உணர்த்துவதே அவர் நோக்கம். செல்வம் எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்னும் மாற்று விதிகளையும் அவர் வகுத்தார். 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவரது பட்டய உரிமையை 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. அவருடைய ஆட்டத்தின் வழியில் வந்ததுதான் 'மொனோபலி'. நம் வீடுகளில் பிள்ளைகள் ஆடும் 'பிசினஸ்' ஆட்டமும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் அதில் வெற்றி யாருக்கு? எல்லாவற்றையும் வாங்கிக் குவித்து மற்றவரை ஓட்டாண்டி ஆக்குபவருக்கு! எச்சரிக்கையாகப் பிறந்த விளையாட்டு, விதிகளுள் ஒரு பாதி மறைந்ததும் பேராசைக்குப் பயிற்சிக்களம் ஆகிவிட்டது. பலகை ஏறத்தாழ ஒன்றுதான். பாடத்தை மாற்றியது விதியே.

மாணவர் அமைத்த விளையாட்டு

அண்மைக் காலத்தில் கணினி விளையாட்டுகள் குடிமைக் கல்விக்குப் பயன்படத் தொடங்கின. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக 1981-இல் பொறுப்பேற்ற சாண்ட்ரா டே ஓ'கானர், ஓய்வு பெற்றபின் 2009-இல் இதற்கென்றே ஒரு கல்வி முயற்சியைத் தொடங்கினார். 'ஐசிவிக்ஸ்' என்று பெயர் பெற்ற அதன் விளையாட்டுகளில் மாணவன் வழக்கறிஞனாகிறான், வேட்பாளனாகிறான், சட்டம் இயற்றுகிறான். நல்ல முயற்சியே. எனினும் அங்கே விதிகளை அமைத்தவர்கள் பெரியவர்கள்.

அதற்கு முன்பே நியூயார்க் நகரின் புரூக்லின் பகுதியில் வேறொரு முயற்சி நடந்தது. 'குளோபல் கிட்ஸ்' என்னும் இளைஞர் அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கூட்டி, உலகப் பிரச்சினை ஒன்றைப் பற்றி விளையாட்டு அமைக்கும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தது. 'கேம்லேப்' என்னும் தொழில் நிறுவனம் அதைக் கணினியில் வடித்துக் கொடுத்தது. மாணவர் தேர்ந்த பொருள்: வறுமை எவ்வாறு கல்விக்குத் தடையாகிறது என்பது. களம்: ஹெய்ட்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஐவர் கொண்ட ஏழைக் குடும்பம். 2006-இல் வெளிவந்த அந்த விளையாட்டின் பெயர் 'ஆயிட்டி: வாழ்க்கையின் விலை'.

ஆடுபவர் அக்குடும்பத்தை நான்கு ஆண்டுகள், பருவம் பருவமாக நடத்த வேண்டும். யார் வேலைக்குப் போவது? யார் பள்ளிக்குப் போவது? நோயுற்றவரை மருத்துவமனைக்கு அனுப்புவதா, வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொல்வதா? எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பினால் கட்டணம் கட்டப் பணமில்லை. எல்லாரையும் வேலைக்கு அனுப்பினால் உடல்நலம் கெடுகிறது. கல்வியின்றி நல்ல வேலையும் கிடைப்பதில்லை. இடையிலே புயல் வந்து சேமிப்பைத் துடைத்துவிடுகிறது. இதில் வெல்வது கடினம்.

இப்படி ஒரு விளையாட்டை அமைப்பதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கூலி எவ்வளவு என்று விதிக்க வேண்டும். பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று விதிக்க வேண்டும். கட்டணத்தைச் சற்றே குறைத்தால் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விடுகின்றனர். உயர்த்தினால் ஒருவரும் போவதில்லை. ஓர் எண்ணை மாற்றினால் ஒரு குடும்பத்தின் கதையே மாறுகிறது! "ஏழைகள் ஏன் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைப்பதில்லை?" என்று எளிதாகக் கேட்கும் வாய், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அவ்வளவு எளிதாகத் திறக்காது. ஆடுபவன் விதிக்கு உட்படுகிறான். அமைப்பவனோ அந்த விதி யாரைத் தாங்குகிறது, யாரைத் தள்ளிவிடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறான். குடிமைக் கல்வியின் உயிர்நாடி இதுவே.

கைப்பேசியும் ஒரு பலகைதான்

இன்று நம் பிள்ளைகள் நாள்தோறும் ஆடும் மிகப் பெரிய பலகை கைப்பேசி. அதிலும் விதிகள் உண்டு. ஒரு செய்தியை எத்தனை பேருக்கு ஒரே தடவையில் அனுப்பலாம் என்பது ஒரு விதி. எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணிக்கை காட்டுவது ஒரு விதி. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானே தொடங்குவதும் ஒரு விதியே. இவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. எங்கோ சிலர் அமர்ந்து வகுத்தவை.

அவ்விதிகளின் விளைவு விளையாட்டோடு நிற்பதில்லை. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழி கேட்கும் இடத்தில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக வாட்ஸ்அப் வழியே வதந்தி பரவியிருந்த காலம் அது. கூட்டம் திரண்டு அவர்களைத் தாக்கியது. வயது முதிர்ந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். அவ்வதந்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தீயவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். "நம் பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும்" என்ற எண்ணத்துடனே விரலை அழுத்தியிருப்பார்கள். அதுவே நம்மை அஞ்ச வைக்கிறது.

அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி விதியை மாற்றியது. 2019 ஜனவரியில் அது உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாயிற்று. அத்தகைய செய்திகள் 70 விழுக்காடு குறைந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது. விதியொன்று மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வகுப்பறையில் செய்து பார்க்கலாம்

இதற்குக் கணினி வேண்டுவதில்லை. அட்டை, பென்சில், முப்பது மாணவர், இரண்டு பாடவேளைகள் போதும். 'வதந்தி ஊர்' என்று ஒரு விளையாட்டை அமைக்கும்படி மாணவரிடம் சொல்லலாம். வகுப்பே ஊர். ஒருவர் கையில் செய்தி அட்டை. முதல் விதி: அட்டை பெற்றவர் ஒவ்வொருவரும் ஐவருக்குத் தரலாம். எத்தனை சுற்றில் ஊர் முழுவதும் பரவுகிறது என்று எண்ணட்டும். ஐந்து ஐந்தாகப் பெருகினால் நான்காம் சுற்றில் 625 பேர், ஐந்தாம் சுற்றில் 3,125 பேர் என்று கணக்கு ஆசிரியரும் இதில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாம் விதி: ஒருவருக்கு மட்டுமே தரலாம். மூன்றாம் விதி: "இதை முதலில் சொன்னது யார்? எப்போது நடந்தது?" என்னும் இரு கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் தரலாம். ஒவ்வொரு விதியிலும் என்ன நேர்கிறது என்று கண்டபின், தாங்களே நான்காம் விதி ஒன்றை வகுக்கட்டும்.

அங்கேதான் உண்மையான பாடம் தொடங்கும். "ஐயமான செய்தியை வகுப்புத் தலைவன் தடுக்கலாம்" என்று ஒருவன் சொல்வான். "அவன் மெய்யான செய்தியையும் தடுத்தால்?" என்று மற்றொருத்தி கேட்பாள். கருத்துரிமை என்றால் என்ன, அதற்கு நியாயமான வரம்பு எது, தடுப்பவரைக் கண்காணிப்பவர் யார் என்னும் கேள்விகள் பாடநூலின் துணையின்றி எழுந்து நிற்கும். அதன்பின் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவைத் திறந்து காட்டினால், மாணவர் அதைத் தமக்குத் தெரிந்த ஒரு சண்டையின் தீர்ப்பாக வாசிப்பர்.

முடித்த விளையாட்டைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் ஆடக் கொடுக்க வேண்டும். அமைத்தவர் அருகில் நின்று பார்க்கட்டும். எங்கே பிள்ளைகள் ஏமாற்றுகின்றனர்? யார் தொடக்கத்திலேயே தோற்று மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்? அதைக் கண்டு விதியைத் திருத்தி மீண்டும் ஆடச் செய்ய வேண்டும். சட்டம் இயற்றி, அது மக்களிடையே எவ்வாறு நடக்கிறது என்று கண்டு, குறை திருத்தும் குடியாட்சிப் பழக்கம் இதுதானே!

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2018-இல் வெளியிட்ட 'பேட் நியூஸ்' என்னும் விளையாட்டில் ஆடுபவரே பொய்ச் செய்தி பரப்புபவராகிறார். சினத்தைத் தூண்டுவது, பிறர் பெயரில் எழுதுவது, மக்களைப் பிரிப்பது ஆகிய தந்திரங்களை அவரே கையாளுகிறார். தந்திரத்தை உள்ளிருந்து அறிந்தவர் வெளியில் அதைக் கண்டதும் இனங்காண்கிறார் என்று அவ்வாய்வாளர் கண்டனர். அம்மை குத்துவது போன்றது இம்முறை.

கவனிக்க வேண்டியவை

விளையாட்டு ஒன்றே எல்லாவற்றையும் கற்பித்துவிடாது. ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர் பத்து நிமிடமாவது உரையாடவில்லை என்றால், வென்றவன் மகிழ்ச்சியும் தோற்றவன் வருத்தமுமே மிஞ்சும். பிறர் துன்பத்தை மதிப்பெண்ணாக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். வகுப்பிலேயே வறுமையை அறிந்த பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். கணினியில் அமைப்பதாயின், பிள்ளைகளின் பெயர், படம், முகவரி எதையும் அதில் இடவேண்டாம். 18 வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று 2023-இல் நம் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். இப்பாடம் பள்ளியோடு முடிவதன்று. பிள்ளை பள்ளியில் "இதை முதலில் சொன்னது யார்?" என்று கேட்கப் பழகி வீடு திரும்புகிறான். அங்கே தந்தை, வந்த செய்தியைப் படித்தும் படியாமலும் ஐந்து குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் என்னாகும்? இன்றிரவு உணவுக்குப்பின் கைப்பேசிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டு, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்து நம் வீட்டின் கைப்பேசி விதிகள் மூன்றைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். அவ்விதிகள் பெரியவர்களுக்கும் பொருந்தட்டும். ஒரு திங்கள் கழித்து மீண்டும் கூடி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாருங்கள். வேண்டியதைத் திருத்துங்கள்.

சின்னவனுக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது என்று தெருவிலே சட்டம் செய்த பிள்ளைகள்தாம் இவர்கள். எளியவருக்கு இடம் விட்டு விதி செய்யும் அறிவு அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் கொண்டு சேர்ப்பது நம் கடமை.