நெருப்பில்லாத கணப்பு

மே மாதத்தில் குடுமியான்மலைக்குப் போயிருக்கிறீர்களா? பொழுது சாய்ந்த பிறகு குன்றின் அடிவாரப் பாறையில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவீர்கள்! சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காற்றுகூடச் சற்றுத் தணிந்திருக்கும். பாறை மட்டும், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல்லைப் போல இன்னும் சூட்டை விட்டபாடாக இராது.

இசைக் கல்வெட்டினால் பெயர் பெற்ற அந்த ஊரில்தான் என் அக்கா மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். குளிர் என்றால் அவனுக்கு மார்கழி விடியற்காலைதான். அறையைச் சூடாக்குவதற்கென்றே காசு கொடுத்து ஒரு கருவி வாங்குவார்கள் என்று சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எங்க ஊருக்கு வரச் சொல்லுங்க மாமா, சும்மாவே கிடைக்கும்!"

அடுத்த ஜனவரியில் அவனை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். அந்த மாதத்து இரவுகளில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். நாங்கள் தங்கியது ஒரு நண்பரின் பழைய கருங்கல் வீடு. உள்ளே நுழைந்ததும் பையனின் பற்கள் தாளம் போட ஆரம்பித்தன. சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அறையின் மூலையில் சிறு டிரங்குப் பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே விறகுக் கட்டைகள், அவற்றின்மேல் மஞ்சளும் சிவப்புமாக நெளிகின்ற தீ நாக்குகள். பையன் ஓடிப்போய் அதன் முன் கைகளை நீட்டினான். பிறகு சந்தேகத்துடன் கண்ணாடியைத் தொட்டான். சில்லென்றிருந்தது!

"என்ன மாமா, நெருப்பு சுடவே இல்லையே?"

சுடாதுதான். அது நெருப்பே அல்ல. கட்டைகள் வண்ணம் பூசிய பிளாஸ்டிக். அவற்றுக்குக் கீழே சில சிறிய எல்.இ.டி. விளக்குகள். பின்னால் ஒரு மெல்லிய தண்டு மெதுவாகச் சுழல்கிறது. அதில் பளபளப்பான தகட்டுத் துண்டுகள் தாறுமாறாகச் செருகப்பட்டிருக்கின்றன. விளக்கின் ஒளி இவற்றில் பட்டுத் தெறித்து, மங்கலான திரையில் விழுந்து நெளிகிறது. அதைத்தான் நம் கண் தீ என்று எண்ணிக்கொள்கிறது. நண்பர் இன்னொரு பொத்தானை அழுத்திய பிறகுதான் பெட்டியின் அடியிலிருந்து 'உஸ்' என்ற ஓசையுடன் வெப்பக் காற்று வந்தது. வேடிக்கை வேறு, வேலை வேறு!

வேலை செய்யும் பகுதி மிகவும் எளியது. உங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் இருப்பதுதான். நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பியில் மின்சாரம் பாயும்போது, அதன் மின்தடை காரணமாகக் கம்பி சூடாகிறது. காற்றில் செந்தணலாகக் காய்ந்தாலும் எளிதில் துருவேறிக் கெட்டுப்போகாத இந்த உலோகக் கலவைக்கு அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்றார். இன்று பல சிறிய ஹீட்டர்களில் கம்பிக்குப் பதில் பீங்கான் வில்லைகளை வைக்கிறார்கள். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் இவற்றின் மின்தடை கிடுகிடுவென்று உயர்ந்து மின்னோட்டம் தானாகவே குறைந்துவிடும். கருவி அளவுக்கு மீறிக் காயாது. கம்பியோ வில்லையோ, பின்னால் ஒரு சிறு மின்விசிறி காற்றை அதன்மேல் செலுத்தி அறைக்குள் தள்ளுகிறது.

பெட்டியின் முதுகில் '1500 வாட்' என்று எழுதியிருந்தது. அதாவது நொடிக்கு 1500 ஜூல் வெப்பம். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைகளில் ஒரு ஹீட்டர் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. தீ நாக்கு நடனமாடும் இன்னொன்றுக்கு அதைப்போல் பல மடங்கு விலை. இரண்டும் 1500 வாட் என்றால் இரண்டும் தரும் வெப்பம் ஒன்றேதான். செலவான மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தானே மாற வேண்டும்! புதுக்கோட்டைப் பக்கத்தில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் தகர வளையத்துக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டுக் குஞ்சுகளுக்குக் கதகதப்பு ஊட்டுகிறார்கள். அந்த பல்பும் ஒரு ஹீட்டர்தான். 100 வாட் பல்பு 100 வாட் ஹீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் நீங்களும் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறீர்கள். பதினைந்து பேரை அறைக்குள் அடைத்தால் ஹீட்டரே வேண்டாம்!

பையனுக்குக் கணக்கில் ஆசை அதிகம். அன்றிரவு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டான். அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். ஆக 27 கன மீட்டர். ஊட்டியின் உயரத்தில் காற்று லேசானது. ஒரு கன மீட்டர் சுமார் 0.95 கிலோகிராம்தான் இருக்கும். ஆகவே அறைக் காற்றின் எடை சுமார் 26 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு கிலோ ஜூல் போதும். 10 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு உயர்த்த 260 கிலோ ஜூல் தேவை. நொடிக்கு ஒன்றரை கிலோ ஜூல் கிடைப்பதால், 173 நொடி. "மூணே நிமிஷம் மாமா! அப்புறம் நிறுத்திடலாம்" என்றான்.

கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அரை மணி நேரம் கழித்து வெப்பமானி காட்டியது 14 டிகிரி! மூன்று நிமிடத்தில் 10 டிகிரி ஏற வேண்டியது, முப்பது நிமிடத்தில் 4 டிகிரிதான் ஏறியிருந்தது. மீதி வெப்பம் எங்கே போயிற்று? விடையைப் படிப்பதற்கு முன் நீங்களும் சற்று யோசித்துப் பாருங்கள்.

கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் போயிருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாகவும் போயிருக்கும். ஆனால் பெரிய திருடன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கருங்கல் சுவர்! கதவு, ஜன்னல் நீங்கலாகச் சுவர்களின் பரப்பு 30 சதுர மீட்டர் என்று கொள்வோம். சுவரின் உட்புறத்தில் ஒரே ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தோலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 0.3 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2600 கிலோ; ஆகவே அந்தத் தோலின் எடை 780 கிலோ! கல்லின் தன் வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 0.8 கிலோ ஜூல். 10 டிகிரி உயர்த்த 6240 கிலோ ஜூல் வேண்டும். காற்றுக்கு வேண்டியதைப் போல் 24 மடங்கு. நம் ஹீட்டர் இதற்கு மட்டுமே 70 நிமிடம் உழைக்க வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டரும் வாங்கிய வெப்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. பின்னாலுள்ள கல்லுக்குக் கடத்திக்கொண்டே இருக்கிறது.

பையன் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ எங்க ஊர்ப் பாறைதான் இது!" என்றான். சரியாகச் சொன்னான். குடுமியான்மலைப் பாறை பகலெல்லாம் வெயிலை விழுங்கி இரவில் திருப்பித் தருகிறது. ஊட்டிச் சுவர் ஹீட்டரின் வெப்பத்தை விழுங்குகிறது. ஒரே குணம், ஓர் ஊரில் தொல்லை, இன்னோர் ஊரில் உதவி. இங்கிலாந்தில் இதையே ஒரு கருவியாக்கியிருக்கிறார்கள். இரவில் மின்கட்டணம் குறைவாக இருக்கும் நேரத்தில், பெட்டிக்குள் அடுக்கிய கனமான செங்கற்களைக் கம்பிச் சுருளால் சூடாக்கிவிடுவார்கள். பகலெல்லாம் அவை மெல்ல மெல்ல வெப்பத்தைக் கசியவிடும்.

சுவர் சூடேறும்வரை என்ன செய்வது? அதற்குத்தான் வேறொரு வகை ஹீட்டர் இருக்கிறது. செக்கச் செவேலென்று ஒளிரும் தண்டுகளும், பின்னால் பளபளப்பான வளைந்த தகடும் கொண்டது. இது காற்றைச் சூடாக்குவதில் அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. வெப்பக் கதிர்களை நேரே உங்கள்மேல் வீசுகிறது. எதிரில் உட்கார்ந்தவுடனே இதமாக இருக்கும். முதுகு மட்டும் குளிரும்! நாள் முழுவதும் இருக்கும் அறைக்கு விசிறி வகை, அரை மணி நேரம் உட்கார்ந்து படிக்கக் கதிர் வகை என்பது என் கட்சி. இரண்டில் எதுவானாலும் கதவிடுக்கில் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் மின்கட்டணம் குறையும்.

அந்த வீட்டில் ஒரு பழைய கணப்படுப்பும் இருந்தது. சுவருக்குள் குடைந்து, மேலே புகைபோக்கி வைத்துக் கட்டியது. ஜான் சல்லிவன் 1822-இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கிய பிறகு வந்த வெள்ளைக்காரர் வீடுகளில் இது தவறாமல் இருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். போகிற போக்கில் அறைக் காற்றையும் இழுத்துச் செல்லும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். கணப்பின் முன்னால் சூடும் அறையின் மூலையில் குளிருமாக இருப்பது இதனால்தான். இந்தக் கணப்புகளுக்கும் சமையலுக்கும் இரையானவை நீலகிரியின் சோலைக்காடுகள். விறகுத் தட்டுப்பாடு வந்த பிறகு, 1840-களையொட்டி ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டுவந்து நட்டார்கள். இன்று மலைச்சரிவுகளில் நாம் காணும் கற்பூர மரக் காடுகளுக்குப் பின்னால் குளிர்காய்ந்தவர்களின் கதையும் இருக்கிறது.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலையிலிருந்து விழும் நீரின் ஆற்றல் மின்சாரமாகி, கம்பி வழியாக வந்து, ஹீட்டரில் வெப்பமாகிறது. நீர் 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு, இழப்பே இல்லாவிட்டாலும், சுமார் 400 லிட்டர் தண்ணீர் இறங்கியாக வேண்டும். ஹீட்டரை ஒரு மணி நேரம் வைத்தால் 600 லிட்டர்!

இரண்டாம் நாள் இரவு ஒரு சங்கடம் நேர்ந்தது. படித்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. ஹீட்டரில் ஒன்றுமில்லை, சுவரிலிருந்த பிளக் பாயின்ட்தான் காந்திக் கறுத்திருந்தது. ஹீட்டரை ஒரு நீட்டிப்புப் பெட்டி வழியாக விளக்கு, ரேடியோ ஆகியவற்றுக்கான சிறிய பாயின்ட்டில் செருகியிருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். சிறிய பாயின்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். போதாததற்கு உள்ளே பிடிப்புத் தளர்ந்திருந்தது. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை இருந்தால்கூட, 6.5-ஐ 6.5-ஆல் பெருக்கி அரையால் பெருக்க, 21 வாட் வருகிறது. ரேடியோ பழுது பார்ப்பவரின் பற்றவைக்கும் கோலுக்குச் சமமான வெப்பம், பிளக்கின் ஒரு முனைக்குள்! எரியாமல் என்ன செய்யும்? ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பெரிய மூன்று துளை பாயின்ட்தான் வேண்டும். அதுவும் நேரடியாக. திரைச்சீலையும் படுக்கையும் ஒரு மீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஈரத் துணியை ஹீட்டர்மேல் காயப்போடும் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். காற்றுத் துளை அடைபட்டுத் துணி தீப்பிடிக்க வேறு காரணம் வேண்டாம்.

பாயின்ட்டை மாற்றும்வரை ஹீட்டர் இல்லை. அப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் அன்புடன் ஒரு யோசனை சொன்னார்: "இரும்புச் சட்டியிலே கரித்தணல் போட்டுத் தர்றேன், ரூமுக்குள்ளே வெச்சுக் கதவைச் சாத்திக்குங்க. புகையே வராது."

புகை வராது என்பதுதான் ஆபத்து. மூடிய அறையில் கரி எரிய எரிய, போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிக்காது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலை கனக்கும், தூக்கம் வரும். குளிருக்கு இதமாகத் தூங்குகிறோம் என்று நினைப்பவர் மறுநாள் எழுவதில்லை. நீலகிரி, கொடைக்கானல் அறைகளில் சமைத்து மீந்த கரித்தணலை உள்ளே வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்த செய்தியை நாளிதழ்களில் நீங்களும் பார்த்திருக்கலாம். பெரியவருக்கு இதை விளக்கி, அன்றிரவு மூன்று கம்பளிகளுக்குள் புகுந்துகொண்டோம்.

மின்சார ஹீட்டரும் அறையின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். அங்கே எதுவும் எரிவதில்லை. ஆகவே ஆக்சிஜன் குறைவதும் இல்லை. ஆனால் உதடு வெடிப்பதும் தொண்டை வறள்வதும் உண்மை. 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 9.4 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17.3 கிராம். நீராவி கூடாமல் காற்று மட்டும் சூடானால், முழு ஈரமாக இருந்த காற்று பாதி ஈரத்துக்கு இறங்கிவிடுகிறது. அறைக்குள் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது இதற்காகத்தான்.

ஊர் திரும்பியவன் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வெப்பமானிகளைக் கேட்டு வாங்கி, ஒன்றைப் பாறையின்மேல் வைத்து அதன் குமிழை ஈரமில்லாத களிமண்ணால் மூடியும், மற்றொன்றை நிழலில் தொங்கவிட்டும், மாலை ஆறு மணி முதல் அரை மணிக்கு ஒரு தரம் குறிக்கிறானாம். பாறையின் வெப்பநிலை காற்றின் வெப்பநிலைக்கு எத்தனை மணிக்கு வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டுமாம். உங்கள் ஊரில் பாறை இல்லாவிட்டால் மொட்டை மாடித் தரையில் செய்து பாருங்கள்.