செஞ்சி இருளரும் ஆய்வுநெறிப் பயிற்சியும்

செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில், மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் வைத்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. அதன் மலைகளைப் பற்றியும் தேசிங்குராசனைப் பற்றியும் எழுதாதார் இலர். அம்மலைகளைச் சூழ்ந்த வயல்வெளிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இருளரைப் பற்றி எழுதியோரோ மிகச் சிலர். அச்சிலரும் எவ்வாறு எழுதினர் என்று ஆராய்வது, பல்கலைக்கழக ஆய்வில் கால்வைக்கும் நம் மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும் எனக் கருதுகிறோம்.

பழங்குடியினரைப் பற்றி ஆய்வேடு எழுதப் புகுவோர் முதலில் நாடுவது, எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலையே. தென்னார்க்காட்டு இருளர் பெரும்பாலும் செஞ்சி மலைகளைச் சுற்றியே வாழ்கின்றனர் என்னும் செய்தி அதில் உண்டு. அவர்கள் பேசுவது சிதைந்த தமிழ். வயற்காவலும் கிணற்றில் நீரிறைத்தலும் அவர்தம் பிழைப்பு. பருவம் பொய்த்தால் சிறு களவில் இறங்குவர். நிலக்கடலை நன்கு விளைந்தால் ஒழுங்காக இருப்பர் என்றெல்லாம் அது கூறிச் செல்கிறது. மாணவர் இதனை அப்படியே பெயர்த்தெழுதி, அடியில் தர்ஸ்டன் பெயரை இட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர்.

சற்றே நின்று நோக்குவோம். இச்செய்தி தர்ஸ்டன் தாமே கண்டெழுதியதன்று. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் எழுதியதையே அவர் எடுத்தாண்டார். கெசட்டியர் என்பது ஆள்வோரின் பயன்பாட்டிற்காகத் தொகுக்கப்பட்ட நூல். யார் அமைதி காப்பர், யார் தொல்லை தருவர் என்பதே அவர்தம் கவலை. அக்கவலையோடு நோக்கிய கண்ணுக்குப் பசி, குற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆயினும் அவ்வரியை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. கடலை விளைந்த ஆண்டில் களவில்லை என்பதனால், களவு இருளரின் குணமன்று, கூலியற்ற காலத்தின் விளைவு என்பதற்கு அவ்வரியே சான்றாகிவிடுகிறதன்றோ! எழுதியவர் கருதாத பொருளையும் அவர் எழுத்திலிருந்தே பெறும் இத்திறனைக் கற்பிக்கவே நமக்கு வகுப்புகள் வேண்டும்.

'சிதைந்த' என்னும் அடைமொழியும் இவ்வாறே ஐயுறத்தக்கது. எத்தமிழை அளவுகோலாகக் கொண்டு அது சிதைந்தது என்றனர்? நீலகிரி இருளரின் பேச்சை ஆராய்ந்து 1973 முதல் நூல்கள் வெளியிட்ட கமில் சுவலபில், அதனைத் தனித் திராவிட மொழியாகவே கொண்டார். ஆனால், அம்முடிவைச் செஞ்சி இருளர்க்கு ஏற்றிக் கூறுதலும் பிழையே. பெயர் ஒன்றாயினும் மலையிருளர் வேறு, சமவெளி இருளர் வேறு. செஞ்சிக்குச் சென்று கேட்பதொன்றே வழி. கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுதல் வேண்டும். 'திருத்தி' எழுதும் நம் பழக்கம் இங்குப் பெருந்தீங்கு செய்யும்.

திரைப்படத்தைச் சான்றாகக் காட்டுவோரும் உளர். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' இருளர் துயரைக் காட்டியது. அதற்கு மூலமாகிய 1993ஆம் ஆண்டு முதனை ராசாக்கண்ணு வழக்கில் பாதிக்கப்பட்டோர் குறவர் இனத்தார். கலைஞர்க்கு அம்மாற்றம் உரிமை. ஆய்வாளர்க்கு அவ்வுரிமை இல்லை.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்கும் நுணுக்கங்கள் அல்ல. பழங்குடிச் சான்றிதழுக்காக அலுவலகங்களில் அலைந்த இருளர் குடும்பங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் பல. திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே அவர்களுக்காக நெடுங்காலம் போராடியவர். சான்றிதழின்றிப் படிப்புதவி இல்லை; கல்லூரி இடமும் அரிதே. கவனமின்றி எழுதப்பட்ட ஒரு பக்கம் அம்மக்களுக்கு எதிராகவே எடுத்துக்காட்டப்படலாம்.

மற்றொன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. நூலாசிரியர்க்குப் பெயர் சுட்டி அடிக்குறிப்பு இடுகிறோம். கன்னிமார் வழிபாட்டையும் பாம்பின் தடத்தையும் விளக்கிய முதியவரையோ 'தகவலாளர் 4' என்கிறோம். பாம்பு பிடிக்கும் இருளர் இருவர், மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோர்க்கு 2023இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அரசே பெயர் சொல்லிப் போற்றும் அறிவை நாம் எண்ணிட்டு மறைப்பது எவ்வகை நெறி? அவர் இசைந்தால் பெயரை எழுதுவோம். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவோம். "இது நாங்கள் இல்லை" என்று அவர் கூறிவிடவும் கூடும். அவ்வதிகாரத்தை மீண்டும் எழுதுவதற்கு வேண்டிய நாள்களையும் கணக்கிட்டே, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளை மாணவர் வகுத்துக்கொள்ள வேண்டும்.