பழைய மொரிஸ் மைனர் வாங்கியோர் கவனத்திற்கு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கொட்டிலில் தூசி படிந்து கிடந்த மொரிஸ் மைனருக்கும் விலை வந்தது. ஆசையோடு வாங்கிய சகோதரர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான்: "காலையில ஸ்டார்ட் ஆகுதில்ல."

உடனே புதிய பற்றரி, புதிய கொயில் என்று செலவு தொடங்கிவிடும். சற்றுப் பொறுங்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாமே உப்புக்காற்று வீசும் ஊர்கள். எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியது துருப்பிடித்த தொடுப்புகளைத்தான்.

அதிலும் முக்கியமானது ஏர்த். பற்றரியிலிருந்து போகும் மின்சாரம் காரின் பொடி வழியாகவே திரும்புகிறது. கியர் பொக்ஸையும் பொடியையும் இணைக்கும் பின்னல் பட்டி துருப்பிடித்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடும்; சோக் கேபிளினூடாகக்கூடப் போகும். ஸ்டார்ட் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுகிறதென்றால் கொயிலைத் தொடவே வேண்டாம். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, பட்டியின் இரு முனைகளையும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டி, வாசலின் பூசுங்கள். செலவு அவ்வளவுதான்.

சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டும். எஸ்.யூ. மின்சாரப் பம்புக்குள்ளும் பொயின்ட் உண்டு. அது பழுதானால் பெற்றோல் வராது. நாமோ இக்னிஷனைக் குடைந்துகொண்டிருப்போம்.

பம்ப் அடித்தும் எஞ்சின் எழும்பாவிட்டால் பொறியைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவே கொயிலிலிருந்து வரும் வயரைக் கழற்றி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் எஞ்சினிலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். பெற்றோல் கசிந்தால் இதைச் செய்யவே கூடாது. நீலப் பொறி பாய்ந்தால் கொயில் நல்லது. குறை மூடி, ரோட்டர், பிளக் பக்கம். மாரி காலத்தில் மூடிக்குள் கோர்த்த ஈரத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பல கார்கள் ஓடிவிடும். மஞ்சளாக மெலிந்து பாய்ந்தால் பொயின்டைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வையுங்கள். பிளக்குக்கு 0.025. பொயின்ட் அடிக்கடி கருகினால் கொன்டென்சரே குற்றவாளி. சந்தையில் தரங்குறைந்த கொன்டென்சர்களும் கிடைப்பதால், ஒழுங்காக வேலை செய்யும் பழையதை எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 1948 முதல் 1971 வரை தயாரான இந்தக் காரில் பற்றரியின் பொசிட்டிவ் முனையே பொடியில் பூட்டப்பட்டது. இன்றைய கார்கள் இதற்கு நேர்மாறு. இதையறியாமல் புதிய ரேடியோவோ எலெக்ட்ரோனிக் இக்னிஷனோ பூட்டினால் எரிந்து போகலாம். டைனமோவுக்குப் பதில் ஓல்டனேற்றர் போட்டு நெகட்டிவ் ஏர்த்தாக மாற்றிய கார்களும் உள்ளன. மாற்றுவதில் தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருப்பது நமது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. மாற்றியிருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதி பொனட்டின் உட்புறம் ஒட்டி, விலை பேசுமுன் வாங்குபவரிடம் காட்டிவிடுங்கள்.