நெஞ்சில் சுமக்கும் நூலகம்

ஒரு நூலகத்தையே நெஞ்சில் சுமக்கும் மனிதர்களைத் தெரியுமா? நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே வாழும் 'பாபலாவோ' குருமார்தான் அவர்கள்!

இஃபா என்னும் அவர்களது குறி பார்க்கும் மரபில் 256 பிரிவுகள். ஒவ்வொன்றிலும் ஏராளமான பாடல்கள். 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளைக் கொண்டு குறி பார்த்து, அதற்குரிய பாடலைச் சொல்லி வழிகாட்டுவார்கள். பல ஆண்டுகள் பயின்று பெறும் அறிவு இது.

காலனி ஆட்சிக் காலத்தில் மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்பட்ட இந்த மரபை, 2005-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அரிய வாய்மொழிச் செல்வமாக அறிவித்தது. யொரூபா மக்களின் மரபு வழிபாட்டைக் கொண்டாட ஆகஸ்ட் 20-இல் வரும் 'இஷேஷே' திருநாளுக்கு ஓசுன், லாகோஸ் உள்ளிட்ட மாநிலங்கள் அரசு விடுமுறையும் அளித்துள்ளன.

சிறுபான்மையாகிவிட்ட முன்னோரின் வழிபாட்டு மரபுக்கும் சம மரியாதை கிடைத்தால்தானே அது மெய்யான மத சுதந்திரம்!