பாமாலைக்கும் கிடாருக்கும் நடுவே

ஆலயத்தில் கிடார் பழகிய கைகள் ஸ்டூடியோவுக்குப் போய் ராக் ஆல்பம் போட்டால் அது பக்தியா, கச்சேரியா? பெங்களூர் பிரேசர் டவுனில் கேட்கும் இந்தக் கேள்விக்கு வயது இருநூறு.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரேசர் டவுனிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். தமிழ், ஆங்கிலம், கன்னடம் என்று பல மொழிகளில் கடவுள் துதிக்கப்படுவது காதில் விழும். ஓர் ஆலயத்தில் ஆர்கனோடு பாமாலை. இன்னொன்றில் தபேலாவோடு கீர்த்தனை. மூன்றாவதில் டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும். இளைஞர் கூட்டம் அதிகம் இருப்பது மூன்றாவதில்தான். பெரியவர்களின் முணுமுணுப்பு அதிகம் இருப்பதும் அங்கேதான்.

முணுமுணுப்பின் சாரம் எளிது. இந்தச் சத்தம் ஆலயத்துக்கு அடுக்குமா? அதோடு நில்லாமல் பையன்கள் குழு அமைத்து, முடி வளர்த்து, ஸ்டூடியோவில் ஆல்பமும் போட ஆரம்பித்தால் அதை எந்தக் கணக்கில் வைப்பது?

பெங்களூருக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2000களில் இந்த நகரத்தின் ராக் மேடைகளில் பேர் வாங்கிய 'ஸ்லெயின்' ஒரு கிறிஸ்தவக் குழு. வாசித்ததோ புராக்ரெஸிவ் மெட்டல்: தாளம் அடிக்கடி மாறும், கிடார் வேகமாகப் பாயும் கடினமான ரகம். 'ஹியர் அண்ட் பியாண்ட்' என்ற ஆல்பம் அவர்களுடையது. கிடார் வாசித்த பிரைடன் லூயிஸ் பின்னர் ரகு தீட்சித்தின் குழுவிலும் வாசித்தார். ஜூடா சாந்தி கன்னட சினிமாவுக்கு நகர்ந்து, 2017இல் வந்த 'ஆபரேஷன் அலமேலம்மா'வுக்கு இசையமைத்தார்.

ஆலயத்தில் பாடும் பாட்டும் ஆல்பத்துப் பாட்டும் ஒன்றல்ல. சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஆராதனைப் பாட்டு சபை முழுதும் சேர்ந்து பாடுவதற்கானது. ஆகவே மெட்டு ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள் நிற்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டிக்கும் மூச்சு எட்ட வேண்டும். நாலு கார்டுகள் போதும். டிரம்ஸ் வாசிப்பவர் சாகசம் காட்டினால் சபை தாளத்தைத் தவறவிட்டுவிடும்.

ஆல்பத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொதுவாக டிரம்ஸைக் காதில் ஒலிக்கும் தாளக் கணக்குக்கு முதலில் பதிவு செய்வார்கள். மேலே பேஸ், அதன் மேல் அடுக்கடுக்காகக் கிடார், கடைசியில் குரல். ஒரே வரியை இருபது தடவை பாடி, சரியானதை எடுத்துக்கொள்ளலாம். சபைக்காகச் சுருங்கி நின்ற கை இங்கே நீள்கிறது. விஷயமும் மாறுகிறது. ஆராதனையில் 'நாங்கள் துதிக்கிறோம்' என்று பாடுகிறவன், ஆல்பத்தில் 'எனக்குப் பதில் வரவில்லையே' என்று பாடலாம். வேதாகமத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. 150ஆம் சங்கீதமோ எக்காளம், நரம்புக் கருவி, கைத்தாளம் என்று சத்தம் போடும் வாத்தியங்களின் பட்டியல்.

இந்த ரகத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. லாரி நார்மன் 1969இல் வெளியிட்ட 'அப்பான் திஸ் ராக்' என்ற ஆல்பத்தைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1972இல் தொடங்கிய 'பெட்ரா' குழு, பேருக்கே கிரேக்க மொழியில் 'பாறை' என்று பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டது. கருப்பு–மஞ்சள் பட்டை உடையில் வந்து மேடையிலிருந்து புதிய ஏற்பாடுகளை வீசிய 'ஸ்ட்ரைப்பர்' குழுவின் 1986ஆம் வருட ஆல்பம் அங்கே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஆனாலும் டி.வி. பிரசங்கியார்கள் திட்டினார்கள், ராக் ரசிகர்கள் சிரித்தார்கள். 1990இல் வந்த ஆல்பத்தில் அந்தக் குழு பட்டை உடையையும் வெளிப்படையான பக்தியையும் கழற்றி வைத்தபோது, கிறிஸ்தவக் கடைகள் சில அதை விற்க மறுத்தன. வைத்திருந்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம். இன்றுவரை எந்த ஊர்க் கிறிஸ்தவ ராக் குழுவுக்கும் இதுதான் நிலைமை.

பிரேசர் டவுனில் இதோடு மொழிச் சிக்கலும் சேர்கிறது. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடிய பின், தண்டுப் பகுதியின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு 1910இல் திறக்கப்பட்ட பேட்டை இது. ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கில அதிகாரியின் பேரைத் தாங்கியது. இன்றைய அரசுப் பெயர் புலிகேசி நகர். ஜனங்கள் வாயில் இன்னும் பிரேசர் டவுன்தான். 1809இல் தண்டு அமைந்தபோதே சென்னை ராஜதானியிலிருந்து சிப்பாய்களோடும் வணிகர்களோடும் தமிழ் இங்கே குடியேறிவிட்டது.

1962–65இல் கூடிய இரண்டாம் வாடிகன் சங்கம் தாய்மொழியில் திருப்பலிக்கு வழிவிட்ட பிறகு, 'எந்தத் தாய்மொழி' என்பதே பெங்களூர்க் கத்தோலிக்கர்களிடையே கன்னடம்–தமிழ் தகராறாகிப் பல ஆண்டுகள் நீடித்தது. இப்படிப்பட்ட ஊரில் ராக் குழு ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுப்பது நாகரிக மோகம் மட்டுமல்ல. எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத மொழியில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். விலையும் உண்டு: தமிழில் திட்டு வாங்கி, ஆங்கிலத்தில் ஜெபிக்கும் ஒரு தலைமுறை வளர்கிறது. அம்மாவுக்குப் புரியாத பாட்டில் மகன் தன் விசுவாசத்தைச் சொல்கிறான்.

ராக் வேண்டாம் என்கிறவர்கள் தஞ்சாவூரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). கர்நாடக ராகங்களிலும் நாட்டு மெட்டுகளிலும் கிறிஸ்துவைப் பாடியவர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், ஆலயத்துக்குள் அந்தப் பாட்டும் இசையும் ஆகாது என்றார்கள். சாஸ்திரியார் எழுதி எழுதி வாதாடினார். ஆலயத்தில் சாதி வேற்றுமை தொடர வேண்டும் என்ற அவருடைய வாதத்தை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். பாட்டு விஷயத்தில் காலம் அவர் பக்கம் நின்றது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், அவருடைய பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகம் அச்சிட்டார். இன்று மேல்நாட்டு மெட்டுக்குப் பாமாலை, நம் மெட்டுக்குக் கீர்த்தனை என்று தமிழ்ச் சபைகளில் இரண்டும் சம அந்தஸ்தில் இருக்கின்றன.

எல்லா ராக் ஆல்பமும் நாளைய கீர்த்தனை ஆகிவிடாது. பெரும்பாலானவை மறந்துபோகும். சாஸ்திரியார் காலத்துப் பாடல்களிலும் அப்படி மறைந்தவை ஏராளம் இருக்கும். எது நிற்கும் என்பதை மிஷனரியும் முடிவு செய்யவில்லை, மன்னரும் முடிவு செய்யவில்லை. மூன்று தலைமுறை கழித்தும் யாராவது அதைப் பாடினார்களா என்பதுதான் முடிவு செய்தது.

பிரேசர் டவுனில் டிரம்ஸ் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பாட்டியின் கையில் ஓரம் மடங்கிய ஒரு புத்தகம் இருக்கிறதே, அதிலும் ஒரு காலத்தில் ஆலயத்துக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட பாட்டுகள் இருக்கின்றன.