லேப்டாப்புக்கு பாஸ்வேர்ட் இருக்கு... ஹார்டு டிஸ்க்குக்குப் பூட்டு இருக்கா?

ஞாயிற்றுக்கிழமை இரவு கம்பத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பெங்களூரு, சென்னைக்குக் கிளம்பும் பஸ்களைக் கவனித்திருக்கிறீர்களா? மடியில் ஒன்று, தலைமாட்டில் ஒன்று என லேப்டாப் பைகளாக இருக்கும். நள்ளிரவில் டீக்கு வண்டி நிற்கும்போது அதில் ஒரு பை காணாமல் போனால் என்ன ஆகும்?

லேப்டாப் விலை ஒரு நஷ்டம்தான். ஆனால், அதற்குள் இருக்கும் ஆதார், பான் கார்டு ஸ்கேன், சம்பள ரசீது, குடும்ப போட்டோக்கள், ஆபீஸ் ஃபைல்கள்? 'அதான் பாஸ்வேர்ட் போட்டிருக்கேனே' என்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

திரையில் கேட்கும் பாஸ்வேர்ட் வாசல் கதவு மாதிரி. பின்பக்கத்து மூடியின் ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியை எடுத்து, சில நூறு ரூபாய் யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் சொருகினால் போதும். என்கிரிப்ஷன் இல்லாத டிஸ்க் என்றால் பாஸ்வேர்டே கேட்காமல் எல்லா ஃபைலும் திறக்கும். பெரிய ஹேக்கர் எல்லாம் தேவையில்லை.

என்கிரிப்ஷன் இருந்தால் அதே டிஸ்க்கில் இருப்பது அர்த்தமில்லாத குப்பை எழுத்துகள் மட்டுமே. இதற்கு தனி சாஃப்ட்வேர் வாங்கவும் வேண்டாம். விண்டோஸில் பிட்லாக்கர் 2007-ல் விஸ்டாவோடு வந்தது. ஆப்பிள் மேக்கில் ஃபைல்வால்ட் இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இதன் எளிய வடிவம் உண்டு. செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போனால், விண்டோஸ், மேக் இரண்டிலுமே ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இது ஐடி ஊழியர்களின் கவலை மட்டும் இல்லை. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் நடக்கும் போடியில், ஒரு ஏலக்காய் வியாபாரியின் லேப்டாப்பை யோசித்துப் பாருங்கள். விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண், பான், ஜிஎஸ்டி விவரம், பாக்கிக் கணக்கு எல்லாம் ஒரே எக்ஸெல் ஷீட்டில் இருக்கலாம். அவை அவருடைய தகவல்கள் அல்ல, அடுத்தவர் தகவல்கள். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது.

சாவி யார் கையில்?

சரி, ஆன் பண்ணிவிட்டால் வேலை முடிந்ததா? உண்மையான சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது.

விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, புதிய லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் செட் பண்ணினால் என்கிரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே ஆன் ஆகிவிடும். நம்மிடம் தனியாகக் கேட்காது. அப்போது உருவாகும் 48 இலக்க ரெகவரி கீ, அந்த அக்கவுன்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

யாருடைய அக்கவுன்ட்? 'எல்லாம் செட் பண்ணியே குடுத்துடுறோம் தம்பி' என்று கடையில் சொன்னால் நாமும் சந்தோஷமாக வாங்கி வந்துவிடுகிறோம். கடைக்காரர் தன்னுடைய ஐடியில் லாகின் செய்திருந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவர் அக்கவுன்ட்டில் இருக்கிறது. அக்கவுன்ட்டே இல்லாமல் லோக்கல் யூஸராக செட் செய்திருந்தால் இன்னொரு வேடிக்கை. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தாலும் பாதுகாப்பு முழுதாகத் தொடங்கியிருக்காது. பூட்டிலேயே சாவி தொங்குகிற கதை.

இந்தச் சாவி தினமும் தேவைப்படாது. மதர்போர்டு மாற்றினாலோ, பயாஸ் அப்டேட் ஆனாலோ, செக்யூர் பூட் செட்டிங்கை யாராவது தொட்டாலோ நீலத் திரை வந்து 48 எண்களைக் கேட்கும். இல்லையென்றால், சர்வீஸ் சென்டரில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஃபைல்கள் வராது. திருடனைத் தடுக்கும் அதே பூட்டு உரிமையாளரையும் தடுக்கும்.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அதே நாள்தான். தீர்வு சின்னதுதான்: சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிக்க வேண்டும். ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகள் ரெகவரி கீ கேட்டன. சில நிறுவனங்களில் அந்தக் கீ இருந்த சர்வரும் சேர்ந்தே முடங்கிக் கிடந்தது!

எனவே இன்றே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் லாகின் செய்து, 'டிவைசஸ்' பகுதியில் உங்கள் லேப்டாப்பின் ரெகவரி கீ இருக்கிறதா பாருங்கள். அதை பிரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைக்கலாம். அதே லேப்டாப்பில் சேமிப்பதோ, லேப்டாப் பையிலேயே சொருகி வைப்பதோ பயனில்லை. கடைக்காரர் ஐடி இருந்தால், உங்கள் அக்கவுன்ட்டுக்கு மாறி, என்கிரிப்ஷனை ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் புதுக் கீ உருவாகும். அதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். மேக்கில் பாஸ்வேர்ட், ரெகவரி கீ இரண்டையும் தொலைத்தால் ஆப்பிளாலும் திறந்து தர முடியாது.

ஒன்று கவனம். லாகின் ஆகி இருக்கும் கணினியை என்கிரிப்ஷன் காப்பாற்றாது. போலி லிங்க்கை கிளிக் செய்தால் வரும் வைரஸுக்கும் இது தடை இல்லை. டிஸ்க்கிலிருந்து பென்டிரைவுக்கு காப்பி செய்த ஃபைலும் பூட்டு இல்லாமல்தான் போகும். அதற்கான 'பிட்லாக்கர் டு கோ' வசதியை ஆன் செய்ய விண்டோஸ் ப்ரோ பதிப்பு வேண்டும்.